டப்பாவில் விடுபட்ட ஒரு சொல்லால் விரிந்துபோன சிலிண்டர்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கருமருந்துக்கு (பழைய துப்பாக்கிகளில் போடும் கரி, கந்தகம் கலந்த வெடிமருந்து) மாற்றாக நீங்கள் விற்கும் தூளின் டப்பாவில் உள்ள அளவுக் குறிப்பு பற்றிய புகார்

ஐயா,

உங்கள் டப்பாவில் 'கருமருந்துக்குப் போடும் அதே கிரெய்ன் அளவு போடவும்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். கிரெய்ன் என்பது மருந்தை அளக்கும் சிறு அலகு. அந்த கிரெய்ன் எடையா, கொள்ளளவா என்று எங்கும் சொல்லவில்லை. முன்பக்கம், பின்பக்கம், மூடியின் உட்புறம் எல்லாம் பார்த்துவிட்டேன். இந்த ஒரு சொல் இல்லாததால் என் ரிவால்வரில் தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டர் கெட்டுப்போனது.

என்னிடம் இருப்பது 1881-ல் செய்த கோல்ட் சிங்கிள் ஆக்ஷன். .45 கோல்ட் தோட்டா போடுவது. அந்தக் காலத்துச் சிலிண்டர் கருமருந்துக்கென்றே செய்தது. பின்னாளில் வந்த, அழுத்தம் கூடிய புகையில்லா மருந்துக்கு இந்த ரிவால்வர் தாங்கும் என்று கோல்ட் நிறுவனமே 1900 வாக்கில்தான் உறுதி தந்தது. அதனால் உங்கள் தூளை வாங்கும்வரை நான் அதில் கருமருந்தைத் தவிர வேறெதையும் போட்டதில்லை. தோட்டாவின் பழைய முழு அளவு 40 கிரெய்ன். ரிவால்வரின் வயதை நினைத்து 28 கிரெய்னோடு நிறுத்திக்கொள்வேன். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்றிடம் விடக் கூடாது என்பதால் மிச்ச இடத்தை உப்புமாவுக்குப் போடும் ரவையால் நிரப்புவேன். பல வருடமாக இதே முறைதான். ஒரு குறையும் வந்ததில்லை.

கருமருந்து கிடைப்பது சிரமமானதும் உங்கள் தூளை வாங்கினேன். டப்பா சொன்னபடி 28 கிரெய்னைத் தராசில் நிறுத்துப் போட்டேன். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன் என்று எடைக்கணக்கில் பழகியவன் வேறு எப்படிப் புரிந்துகொள்வான்? கருமருந்தில் இந்தக் குழப்பம் பெரிதாகத் தெரியாது. கரண்டியால் அளந்தாலும் தராசில் நிறுத்தாலும் ஏறக்குறைய ஒரே எண்தான் வரும். உங்கள் தூள் இலேசானது. அதே எடைக்கு இடம் அதிகம் பிடிக்கும்.

அன்று தோட்டாவின் பித்தளைக் கூட்டில் ரவைக்கு இடமே இல்லை. குண்டை வைக்கும்போது தூள் நன்றாக அழுந்தியது. கருமருந்தைக் கொஞ்சம் அழுத்தித்தான் வைப்பது வழக்கம் என்பதால் அதையும் தவறாக நினைக்கவில்லை. உங்கள் தூளை அழுத்தலாமா, எவ்வளவு அழுத்தலாம் என்று டப்பாவில் ஒரு வரிகூட இல்லை.

ஐந்து தோட்டா போட்டேன். முதல் வெடியிலேயே கை பின்னுக்குப் போனது. மூன்றாவதற்கு அப்புறம் சிலிண்டர் இறுக்கமாகச் சுற்றியது. அத்தோடு நிறுத்திவிட்டேன். சுட்ட கூடுகளில் ஒன்று வெளியே வரவே மறுத்தது. துப்பாக்கி பழுதுபார்ப்பவர் அளந்து பார்த்து, அந்தக் கூடு இருந்த சிலிண்டர் அறை வெளிப்பக்கமாக விரிந்திருக்கிறது என்று காட்டினார். சிலிண்டரைச் சுழலாமல் நிறுத்தும் பூட்டு விழும் குழிக்கு அடியில் சுவர் மிக மெலிது. சரியாக அந்த இடத்தில்தான் விரிந்திருந்தது. நானோ பக்கத்தில் நின்றவர்களோ காயமில்லாமல் தப்பியது பெரிய விஷயம்.

வீட்டுக்கு வந்ததும் கருமருந்துக்குப் பயன்படுத்தும் 28 கிரெய்ன் அளவுக் கரண்டியில் உங்கள் தூளை எடுத்து நிறுத்துப் பார்த்தேன். 21 கிரெய்ன்தான் வந்தது. அதாவது உங்கள் குறிப்பைப் படித்து நான் போட்டது, போட வேண்டியதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். மாற்றுத் தூள்களை எடையால் அல்ல, கொள்ளளவால்தான் அளக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் அறிந்தது என்று நீங்கள் சொல்லலாம். புதிதாக ஒரு டப்பாவைத் திறப்பவனுக்கு அது எப்படித் தெரியும்? அவனுக்காகத்தானே லேபிள் ஒட்டுகிறீர்கள்?

இன்னொன்று. டப்பாவில் 'கந்தகம் இல்லை, துருப்பிடிக்காது' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. கந்தகம் இல்லை என்பது சரி. ஆனால் தூளில் பெர்குளோரேட் (எரிய ஆக்சிஜன் தரும் உப்பு) இருப்பதாக உங்கள் பாதுகாப்புத் தாளே சொல்கிறது. அது எரிந்தபின் மிஞ்சுவது குளோரைடு உப்பு. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும் உப்பு அது. அன்றே வெந்நீரில் கழுவி, காயவைத்து, எண்ணெய் பூச வேண்டும். உங்கள் வாசகத்தை நம்பி ஒரு இரவு கழுவாமல் விடுகிறவருக்கு, நூறு வருடத்துக்கு மேல் காத்து வந்த குழல் குழிகுழியாகிவிடும்.

இதையெல்லாம் போன மாதமே எழுதினேன். 'தோட்டா தயாரிப்பது பயனரின் சொந்தப் பொறுப்பு' என்று இரண்டு வரியில் பதில் வந்தது. என் பொறுப்பை நான் மறுக்கவில்லை. ரவைக்கு இடமில்லாதபோதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் சரியான அளவைச் சொல்வது உங்கள் பொறுப்பு.

நான் கேட்பது இதுதான். கடைகளில் இருக்கும் டப்பாக்களில் 'கொள்ளளவால் மட்டும் அளக்கவும், எடையால் அல்ல' என்று உடனே ஒரு ஒட்டுத்தாள் ஒட்டுங்கள். அடுத்த அச்சில் அழுத்துவது பற்றியும் கழுவுவது பற்றியும் தெளிவாக எழுதி, 'துருப்பிடிக்காது' என்பதை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்குக் கடைகள் வழியாக அறிவிப்புக் கொடுங்கள். சிலிண்டருக்கு ஆகும் செலவைப் பற்றி அப்புறம் பேசலாம். பழுதுபார்ப்பவர் எழுதித் தந்த அறிக்கையையும், டப்பாவின் தொகுதி எண் தெரியும் படத்தையும் இணைத்திருக்கிறேன். மிச்சத் தூளைத் தொடாமல் வைத்திருக்கிறேன். சோதிக்க வேண்டுமானால் அதை எப்படி அனுப்புவது என்று எழுதுங்கள்.

இந்தக் கடிதத்துக்கு, தூளைச் செய்யும் இடத்தில் வேலை பார்க்கும் ஒருவர் பதில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்