தாமரைக்கு அடியில்

அன்புள்ள கயல்,

தெருக்கோலத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, "ஓரத்துல இருக்கிற தாமரைதாம்மா சூப்பர்" என்று எழுதியிருந்தாய். பதிலுக்கு ஒரு ஹார்ட் போட்டு அனுப்பிவிட்டேன். அப்புறம் இரண்டு ராத்திரியாகச் சரியான தூக்கமில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே நீ எனக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

மார்கழியில் அவரவர் வாசலோடு சரி என்றிருந்த நாங்கள், இந்த ஞாயிற்றுக்கிழமை தெருவை அடைத்து ஒரே கோலமாகப் போடலாம் என்று முடிவுசெய்தோம். புள்ளிகளைச் சுற்றி இழை வளைந்தோடும் சிக்குக் கோலம். ஒரு வரிசைப் புள்ளிகளின் இடைவெளியில் அடுத்த வரிசைப் புள்ளி வரும் இடுக்குப்புள்ளி, 21-லிருந்து 11 வரை. நடுவரிசையில் 21 புள்ளி. மேலும் கீழும் 20, 19 என்று ஒவ்வொன்றாகக் குறைந்து 11-இல் நிற்கும். மொத்தம் 331 புள்ளி. கடையில் வாங்கின கல்மாவுதான். உன் பாட்டி இருந்திருந்தால், எறும்புக்கு என்னடி வைத்தாய் என்று கேட்டிருப்பாள்.

கீழ்ப்பாதியில் முதல் ஐந்து வரிசை நான் வைத்தேன். மிச்ச ஐந்தை, மாடியில் குடிவந்திருக்கிறார்களே, அவர்கள் பெண் வைத்தாள். எட்டாவது படிக்கிறாள். விடிகாலை நாலரை மணி, பனி, தெருவிளக்கு ஒன்றே ஒன்று. புள்ளியை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. இழை இழுத்துக்கொண்டு வந்து ஓரத்தில் சேர்க்கும்போதுதான் தெரிந்தது, ஒரு புள்ளி துணையில்லாமல் துருத்திக்கொண்டு நிற்கிறது. இழை மூடவில்லை. கடைசி வரிசையை எண்ணினால் 12. "சின்னப் பிள்ளைகிட்ட விட்டா இப்படித்தான்" என்றார்கள். "நான் எண்ணித்தான் வெச்சேன் ஆன்ட்டி" என்று அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். அவள் அம்மா எல்லோர் முன்னாலும் ஒரு குட்டு வைத்தாள்.

ஈரத்துணியால் துடைத்தால் சாணி தெளித்த தரையில் வெள்ளையாகத் தீற்றிக்கொள்ளும். "மேலே ஒரு தாமரை வரைந்துவிடலாம்" என்று யோசனை சொன்னது நான்தான். அவ்வளவு சட்டென்று அந்த யோசனை எனக்கு ஏன் வந்தது என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். சந்தேகம் அப்போதே இருந்திருக்கிறது.

வெளிச்சம் வந்தபின் பூசணிப்பூ வைக்கப் போனவள் நடுவிலிருந்து எண்ணினேன். 20, 19, 18, 17, மறுபடியும் 17. ஐந்தாவது வரிசை. என் வரிசை. அவள் அதற்கடுத்து 16, 15 என்று ஒழுங்காகத்தான் குறைத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

புள்ளி தப்புவது பெரிய விஷயமில்லை. நாற்பது வருஷமாகப் போடுகிற கைக்கும் தப்பும். எண்ணி முடித்தபிறகு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே வந்து காப்பி போட்டேனே, அதுதான் உறுத்துகிறது. ஆறாவது படிக்கும்போது எதிர்வீட்டுப் பூந்தொட்டியை உடைத்துவிட்டு நீ வாயைத் திறக்காமல் இருந்தாய். உன்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்ச் சொல்லவைத்தவள் நான். அன்றைக்கு உனக்கு எவ்வளவு கூசியிருக்கும் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

இரண்டு நாளாக அந்தப் பெண் கோலம் போட இறங்கிவரவில்லை. மாடிக்குப் போய்த் தனியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்கு அது சுலபம். ஆனால் அவள் குட்டு வாங்கியது நடுத்தெருவில். நாளைக் காலை அவளையும் அவள் அம்மாவையும் கூப்பிட்டு, எல்லோரும் இருக்கும்போது சொல்லப்போகிறேன்.

படத்தை ஸ்டேட்டஸிலிருந்து எடுக்கவேண்டாம். யாராவது தாமரையைப் பற்றிக் கேட்டால், அதற்கு அடியில் இருப்பது எங்கம்மா வைத்த 17-வது புள்ளி என்று சொல்.

அம்மா