முகவிளக்கைப் பார்த்தாலே வயது தெரியும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பழைய பென்ஸ் கார் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் படத்தின் கீழே ‘1978ஆம் ஆண்டு 240 டி’ (2.4 லீட்டர் டீசல் மாடல்) என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் பேனையை எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஜேர்மனியில் முப்பது வருடம் கராஜில் எண்ணெய்க் கையோடு நின்றவன் நான். இதைப் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது?

முகவிளக்கைப் பாருங்கள். படத்தில் இருப்பது அகலமான ஒற்றை விளக்கு. டபிள்யூ 123 என்கிற இந்த வரிசை 1976 ஜனவரியில் வெளிவந்தபோது, 240 டி போன்ற சாதாரண செடான்களுக்குக் ஒவ்வொரு பக்கமும் ஒரே கண்ணாடி மூடிக்குப் பின்னால் இரண்டு வட்ட விளக்குகள்தான் இருந்தன. அகல விளக்கு, விலை கூடிய 280 மாடல் வாங்குகிறவர்களுக்கு. 1982 செப்டெம்பரில்தான் எல்லாருக்கும் அகல விளக்கு வந்தது. ஆகவே ஒன்று, கார் 1978 இல்லை. அல்லது யாரோ விலை கூடிய மாடலாகக் காட்டுவதற்கு விளக்கை மாற்றியிருக்கிறார்கள். அந்த நாளில் அப்படிச் செய்தவர்கள் உண்டு. இப்போது பார்த்தால் வட்ட விளக்குக்குத்தான் மவுசு!

இரண்டாவது, கட்டுரையில் வந்த, 46 இலட்சம் கிலோமீற்றர் ஓடிய கிரேக்க டாக்சியின் கதை. கதை உண்மை. தெசலோனிக்கியில் டாக்சி ஓட்டிய கிரெகோரியோஸ் சஹினிடிஸ் தன் காரை 2004இல் பென்ஸ் நிறுவனத்திடமே கொடுத்தார். ஆனால் அது நீங்கள் எழுதியதுபோல் 123 இல்லை, அதற்கு முந்திய டபிள்யூ 115. அதுவும் 240 டி, அதுவும் 1976இல் செய்தது, அதனால்தான் எல்லாரும் குழம்புகிறார்கள். ஒரே என்ஜினோடு அவ்வளவு தூரம் ஓடியது என்பதும் சரியில்லை. என்ஜினை மாற்றி மாற்றித்தான் ஓட்டினார்.

இவை சின்னப் பிழைகள். எனக்கு உறைத்தது, இந்தக் காரை நீங்கள் ‘செல்வந்தர்களின் வாகனம்’ என்று எழுதிய சொல். 1985 மார்கழியில் நான் இந்த நாட்டுக்கு வந்து முதன்முதலாக ஏறிய கார் 123தான். டாக்சி. யானைத்தந்த நிறம், உள்ளே சிகரெட் மணம், முன்னால் டக டக டக என்று டீசல் சத்தம். 1971 தொடக்கம் அந்த நாளில் இங்கே டாக்சிகளுக்கு அந்த நிறம்தான் சட்டமாக இருந்தது. 72 குதிரைவலுவில் கிட்டத்தட்ட ஒன்றரைத் தொன் இரும்பை இழுக்கிற கார் அது. நூறு கிலோமீற்றர் வேகத்தைத் தொட இருபது விநாடிக்கு மேல் பிடிக்கும். குளிர்காலத்தில் கிளப்புவதற்கு முன் குளோ பிளக் (என்ஜினுக்குள் சூடேற்றுகிற சின்னக் கம்பி) சூடாகும்வரை காத்திருக்க வேண்டும். பழைய டீசல்களில் இது நீளும். டீசல் என்ஜினைக் கண்டுபிடித்தவரின் பெயரைச் சொல்லி, ‘ருடோல்ஃப் டீசலுக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி’ என்று ஜேர்மன்காரர் பகிடி சொல்வார்கள். ஏறக்குறைய 27 இலட்சம் கார்கள் விற்றது பகட்டுக்காக அல்ல. உழைத்தது, திருத்தவும் முடிந்தது. அதனால் விற்றது.

திருத்துவது என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஒரு பின்னேரம் ஒரு வயதான அம்மா கராஜுக்குள் காரை விட்டுவிட்டு இறங்கி வந்தார். திறப்பு கையில் இருக்கிறது, என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது! அவருக்கு முகம் வெளிறிப் போய்விட்டது. இந்த டீசல்களில் என்ஜினை நிறுத்துவதும் (காற்றை உறிஞ்சி இழுத்து வேலை செய்கிற) வெற்றிடக் குழாய்தான், கதவுகளைப் பூட்டுவதும் வெற்றிடக் குழாய்தான். எங்கேயோ ஒரு றப்பர் குழாய் வெடித்துக் காற்று இழுத்தால் திறப்பைத் திருப்பிப் பயனில்லை. பொனட்டைத் தூக்கினேன். என்ஜின் பக்கத்தில் ‘ஸ்டொப்’ என்று எழுதிய சின்ன நெம்புகோல் இருக்கும், அதை அமத்தினேன். நின்றுவிட்டது. குழாய்த் துண்டு மாற்றப் பத்து நிமிடம்கூட இல்லை. அவர் தந்த கேக் துண்டு குழாயைவிட விலை கூட!

அப்புறம், ‘புத்தம் புதிதாகப் பெயின்ட் அடித்துப் பேணப்பட்ட’ என்று எழுதியிருந்தீர்கள். இங்கே முப்பது வயது தாண்டிய கார், நல்ல நிலையில், அசல் தன்மையோடு இருந்தால் இலக்கத்தகட்டில் பழமையான கார் என்று காட்டுகிற ‘எச்’ எழுத்துக் கிடைக்கும். கிடைத்தால் வருட வரி 191 யூரோ சொச்சம். கிடைக்காவிட்டால் இந்த 2.4 லீட்டர் டீசலுக்கு 900 யூரோவைத் தாண்டும். சோதனைக்குப் போகுமுன் பெயின்ட் அடிக்கட்டா என்று கேட்டு வருகிறவர்களை நான் பெரும்பாலும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பழைய பெயின்ட்டில் நாலு கீறல் இருந்தால் இருக்கட்டும். புதுப் பெயின்ட்தான் எனக்குச் சந்தேகம். முன் மட்காட், ஜாக்கி வைக்கிற இடம், பின் கண்ணாடியின் கீழ் விளிம்பு, இந்த மூன்றிலும் துரு இல்லாவிட்டால் அதுதான் பேணிய கார்.

உங்கள் படத்துக் காரின் உரிமையாளரிடம் ஒரு உதவி கேளுங்கள். சீற் பெல்ட்டின் அடிப்பக்கம் ஒரு சின்ன லேபிள் தைத்திருக்கும். அதில் உள்ள வருடத்தைப் பார்த்துச் சொன்னால், விளக்கு மாற்றியதா இல்லையா என்று இங்கிருந்தே சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய மெக்கானிக்,
எஸ்லிங்கன், ஜேர்மனி.