எருது விடும் விழா ஓடுபாதையில் மண் கொட்டவும், கடைக்கோடிக் களத்தைக் காலி செய்து தரவும் கோரிக்கை மனு

அனுப்புநர்:
கிராமப் பொதுமக்கள், மாட்டு உரிமையாளர்கள்,
அணைக்கட்டு வட்டம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
வேலூர்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, வணக்கம்.

வரும் தை மாதம் எங்கள் ஊரில் எருது விடும் விழா (மாடுகளை ஒவ்வொன்றாகத் தெருவில் எல்லைக்கோடு வரை ஓடவிட்டு நேரம் பார்க்கும் விழா) நடத்த விழாக்குழுவினர் தனியே விண்ணப்பிக்கிறார்கள். மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஜல்லிக்கட்டு, மஞ்சுவிரட்டு, வடமாட்டோடு எங்கள் விழாவும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. எனவே அனுமதி பற்றி எங்களுக்குக் கவலையில்லை. ஓடுபாதை பற்றித்தான் கவலை.

தடை நீங்கிய பிறகு நடந்த ஒரு விழாவை ஊரில் யாரும் மறக்கவில்லை. முதலில் ஓடிய செவலை மாடு எல்லைக்கோட்டைத் தாண்டியது. அதற்கப்பால் போக இடமில்லாததால் அப்படியே திரும்பி, வந்த வழியே பாய்ந்தது. அதற்குள், மாடுகளை அவிழ்த்துவிடும் இடமான வாடியில் அடுத்த மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். டீக்கடை எதிரே இரண்டும் நெற்றியோடு நெற்றி மோதின. செவலையின் இடது கொம்பு கூடு கழன்று மண்ணில் விழுந்தது. ரத்தம் கண்ணில் வழிய, அது நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. சவுக்குக் கட்டைத் தடுப்பு சாய்ந்து மூன்று பேருக்குக் கால் முறிந்தது. டீக்கடையில் இன்றும் இந்தக் கதைதான். சத்தம் மலை வரை கேட்டது என்பார் ஒருவர், செவலை எட்டு விநாடியில் ஓடியது என்பார் இன்னொருவர். (அன்று ஸ்டாப்வாட்ச் பிடித்தவரே அந்தக் கணக்கை ஒத்துக்கொள்ள மாட்டார்.) சொல்லிச் சிரிக்கிறோமே தவிர, மோதலுக்குக் காரணமான இடம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

ஓடுபாதை முடியும் இடத்தில் ஊராட்சிக்குச் சொந்தமான நெற்களம் உள்ளது. ஓடிவரும் மாடு வேகம் தணிந்து நிற்கவும், உரிமையாளர் மூக்கணாங்கயிற்றைப் பிடிக்கவும் ஏற்ற இடம் அது ஒன்றுதான். சாலைப் பணிக்காகக் கொட்டிய ஜல்லியும் எம் சாண்டும் அங்கே குவிந்து கிடக்கின்றன. பணி முடிந்தும் யாரும் அள்ளவில்லை. போதாக்குறைக்கு, அன்று மண் தெருவாக இருந்தது இப்போது சிமென்ட் சாலை. மழைக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் முழு வேகத்தில் வரும் மாட்டின் குளம்பு அதில் வழுக்கினால் முன்னங்கால் முறிந்துவிடும்; அதன்பின் அந்த மாட்டை வைத்து என்ன செய்வது?

ஆகவே, மார்கழி முடிவதற்குள் களத்தில் உள்ள ஜல்லி, மணலை அகற்ற ஊராட்சிக்கு உத்தரவிட வேண்டுகிறோம். ஓடுபாதை முழுவதும் அரை அடி உயரத்துக்கு மண் பரப்ப, விதிப்படி வண்டல் எடுக்க அனுமதி வேண்டும். டிராக்டர் வாடகையை நாங்களே ஏற்கிறோம். களத்தில் மாட்டைப் பிடித்துக் கட்டியதாகப் பச்சைக்கொடி காட்டிய பிறகே வாடியில் அடுத்த மாட்டை அவிழ்க்க வேண்டும் என்பதை அனுமதி ஆணையிலேயே நிபந்தனையாகச் சேர்க்கவும் கோருகிறோம். நாங்கள் சொன்னால் விழாக்குழு கேட்காது, தங்கள் கையெழுத்து இருந்தால் கேட்கும்.

வருவாய்க் கோட்டாட்சியரும் கால்நடை மருத்துவரும் பாதையைப் பார்வையிட வரும்போது களத்தையும் சேர்த்துப் பார்க்கும்படி அறிவுறுத்தக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கிராமப் பொதுமக்கள்

இணைப்பு: களத்தின் தற்போதைய புகைப்படங்கள், கையொப்பப் பட்டியல்.