ஞாயிற்றுக்கிழமை டூரன்பெர்க் போய்விட்டு வா

மதி,

ஜெர்மனியில், அதுவும் நீ இருக்கும் ஹாலேவில், ஞாயிறானால் கடையெல்லாம் மூடிக்கிடக்கிறது, பொழுதே போகவில்லை என்று அலுத்துக்கொண்டாயே, 5-ஆம் எண் டிராமில் ஏறி பாட் டூரன்பெர்க்கில் போய் இறங்கு. ஸாலே ஆற்றங்கரையில் சின்ன ஊர்தான், ஆனால் அது உப்புக்குப் பட்ட பாடு பெரிய கதை.

அந்தக் காலத்தில் பிரஷ்யாவும் சாக்சனியும் தனித்தனி ஜெர்மன் அரசுகள். ஹாலேவும் அதன் உப்பும் பிரஷ்யாவின் கையில். டூரன்பெர்க் இருந்த பக்கத்து சாக்சனிக்குச் சொந்த உப்பு வேண்டியிருந்தது. போர்லாக் என்ற சுரங்கப் பொறியாளர் 1744-இல் டூரன்பெர்க்கில் தோண்ட ஆரம்பித்தார். ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, நடுவில் ஏழாண்டுப் போர் வேறு, 1763 செப்டம்பரில்தான் 223 மீட்டர் ஆழத்தில் உப்புநீர் பீறிட்டது. 19 வருடம் ஒரே குழிக்கு யார் பணம் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். போர்லாக் அதன் பிறகு ஐந்து வருடம்தான் உயிரோடு இருந்தார்.

சரி, உப்புநீர் வந்தாயிற்று, காய்ச்ச விறகுக்கு எங்கே போவது? வெயிலில் காயவைக்கலாம் என்றால் அந்த ஊர் வெயில் லட்சணம் உனக்கே தெரியும். அதனால் உயரமாக மரச்சட்டம் அடித்து, அதற்குள் முட்குச்சிக் கட்டுகளை நெருக்கி அடுக்கி, உப்புநீரை உச்சிக்கு ஏற்றிச் சொட்டவிட்டார்கள். குச்சிக்குக் குச்சி தாவி அது இறங்குவதற்குள் காற்று பாதித் தண்ணீரைக் குடித்துவிடும், அதில் கரைந்திருக்கும் ஜிப்சம் முள்ளிலேயே ஒட்டிக்கொள்ளும், கீழே சேரும் கெட்டியான உப்புநீருக்குக் கொஞ்சம் விறகு போதும். கிட்டே போய்ப் பார், குச்சியெல்லாம் பழுப்பாகக் கல் பூத்திருக்கும். அந்தச் சுவர் இன்னும் 636 மீட்டர் நீளத்துக்கு நிற்கிறது.

நோவாலிஸ் என்ற பெயரில் எழுதிய கவிஞர் இந்த வட்டார உப்பாலைகளின் நிர்வாகத்தில்தான் உத்தியோகம் பார்த்தார். 1963-இல் உப்புக் காய்ச்சுவது நின்றது, இப்போது மூச்சுக்கு நல்லது என்று ஜனங்கள் அந்தச் சுவரோரம் நடக்கிறார்கள்.

அப்புறம், 1934-இல் அங்குள்ள பூங்காவில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது சுமார் 9000 ஆண்டுக்கு முந்தைய பெண்ணின் சமாதி கிடைத்தது, கூடவே ஒரு கைக்குழந்தை. மரபணுவைப் பார்த்ததில் அது அவள் பெற்ற பிள்ளை இல்லையாம், தூரத்துச் சொந்தமாம். அவள் இப்போது உங்கள் ஹாலே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறாள், அதையும் ஒருநாள் பார்.

உனக்கு இன்னும் சளி விடவில்லை என்று அம்மா புலம்புகிறாள். காற்று அடிக்கும் பக்கத்தில் நிற்காதே, சுவருக்கு மறுபக்கம் நட, உப்புச்சாரல் அங்கேதான் வரும். காதை மூடிக்கொண்டு போ.

அப்பா