தூக்குப்போசி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை இரவு கிச்சிப்பாளையத்தில் எங்களுக்குக் கை கொடுத்த தட்டுவடை செட் கடை அக்காவுக்கும், தூய்மைப் பணியாளர் அண்ணன்கள் இருவருக்கும், லாரி ஓட்டுநருக்கும், மெக்கானிக் தம்பிக்கும், இருட்டில் முகம் பார்க்க முடியாத அந்த வீட்டாருக்கும் வணக்கம்.

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்த மறுநாள் அது. புயல் என்றால் கடலோரத்துக்காரர்கள் பாடு என்றுதான் சேலத்தில் நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். அம்மாபேட்டையில் ஒரு வளைகாப்பு விருந்தை முடித்துக்கொண்டு, அப்பாவையும் இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளையும் ஏற்றிக்கொண்டு நெத்திமேட்டுக்குக் கிளம்பினேன். கார் வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சின்ன மின்சார கார். விற்பனை செய்த இடத்தில், இதில் தண்ணீரைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நானும் நம்பியிருந்தேன்.

அக்கா, உங்கள் தள்ளுவண்டியைத் தார்ப்பாயால் மூடிக் கட்டிவிட்டு ஒதுங்கி நின்றிருந்தீர்கள். முன்னால் போன இரண்டு பைக்குகள் தண்ணீரைக் கடந்துவிட்டதைப் பார்த்து நானும் காரை இறக்கப் போனேன். நீங்கள் புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராக என் விளக்கு வெளிச்சத்துக்குள் வந்து இரண்டு கைகளையும் விரித்தீர்கள். கண்ணாடியை இறக்கியதும், எதிரே இருந்த மூடிய கடையின் படிக்கட்டைக் காட்டினீர்கள். மூன்று படிகளில் மேல்படி மட்டும்தான் தெரிந்தது. இரண்டாவது படி முழுகிவிட்டால் சாலை எது, சாக்கடை எது என்று இங்கே பிறந்தவர்களுக்கே தெரியாது என்றீர்கள். இங்கே மழை விட்டாலும் மலையில் விடவில்லை, திருமணிமுத்தாறு இன்னும் ஏறும் என்றும் சொன்னீர்கள். சேர்வராயன் மலையில் பெய்வதெல்லாம் கடைசியில் நம் வாசலுக்குத்தான் வருகிறது என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அன்றுதான் கண்ணால் பார்த்தேன். நீங்கள் சொல்லி முடித்த கால் மணி நேரத்தில் மேல்படியும் காணாமல் போனது.

காரை மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டு, எங்கள் தெருவில் மின்சார வண்டிகள் பழுது பார்க்கும் தம்பியை அழைத்தேன். இரவு ஒன்பதரை மணிக்கு, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் இலையை விட்டு எழுந்து பேசினார். அவர் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே மாதிரி கார் வைத்திருப்பவர்கள் நம் ஊரில் பெருகிவருகிறார்கள்.

பேட்டரிக்கு ஐபி 67 என்று தரச் சான்று இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது ஒரு மீட்டர் ஆழ நிலைத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்று பேட்டரிப் பெட்டிக்குக் கொடுத்த சான்று. ஓடுகிற வெள்ளத்தில் காரை இறக்கலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. பெட்ரோல் காரைப் போலக் காற்றுக் குழாய் வழியாக இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறும் ஆபத்து இதில் கிடையாது. ஆனால் விளக்கு, ஹாரன், கதவுப் பூட்டு எல்லாம் தனியாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகின்றன. அது நனைந்து செத்தால், பெரிய பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் வண்டி அசையாது. அதைவிட முக்கியம், சின்ன கார் மிதக்கும். சுமார் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஓடும் தண்ணீரே அதைத் தரையிலிருந்து தூக்கிவிடப் போதும். ஒரு முழம்கூட இல்லை. நடுவில் நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்கவும் விடக்கூடாதாம். சக்கரம் உருண்டால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் உண்டாக்கும், அதனால் நான்கு சக்கரமும் மேலே ஏறி நிற்கும் மீட்பு லாரியில்தான் கொண்டுபோக வேண்டும் என்றார்.

அதனால் காத்திருந்தோம். ஏறக்குறைய இரண்டு மணி நேரம். புகை என்பதே இல்லாத வண்டி என்பதால் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியை மெல்ல ஓடவிட்டோம். சார்ஜ் 41 சதவீதத்திலிருந்து 37-க்குத்தான் இறங்கியது. மகள் அப்பாவின் மடியில் தூங்கிவிட்டாள். மின்சாரம் இல்லாத அந்தத் தெருவில் ஒரு வீட்டுக் கதவு திறந்தது. குடையும் டார்ச்சுமாக ஒருவர் வந்து, குழந்தை இருக்கிறதே என்று ஒரு தூக்குப்போசி நிறையச் சூடான பாலைக் கொடுத்துவிட்டு, நான் நன்றி சொல்லும் முன் திரும்பிப் போய்விட்டார்.

தூய்மைப் பணியாளர் அண்ணன்களே, உங்களைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. ஊர் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்ட நேரத்தில் நீங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, சாக்கடை வாயில் அடைத்திருந்த பிளாஸ்டிக் பைகளையும் வாழை மட்டைகளையும் கையால் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். கையுறைகூட இல்லை. திறந்திருந்த குழியில் ஒரு வேப்பங்கிளையை நட்டு, அதன் நுனியில் சிவப்புத் துணியைக் கட்டினீர்கள். தண்ணீர் வடிந்ததும் ஒருவர் மூங்கில் கழியால் தரையைத் தட்டிக்கொண்டே முன்னால் நடந்தார். சாலையின் நடு முதுகில்தான் மேடு இருக்கும், என் கணுக்காலைப் பார்த்துக்கொண்டே வா, கணுக்கால் மறைந்தால் நின்றுவிடு என்றார். ஏறக்குறைய 200 மீட்டர். அவருடைய இடது குதிகாலில் ஒட்டியிருந்த வெள்ளைப் பிளாஸ்திரி தண்ணீருக்கு மேல் தெரிந்து தெரிந்து மறைந்ததை நான் இன்னும் கனவில் பார்க்கிறேன். கியரும் கிளட்சும் இல்லாத வண்டி, மிதியைத் தொட்டும் தொடாமலும் அவர் நடைக்கு ஈடாக ஊர்ந்து வந்தது.

பாதி வழியில் எதிரே ஜவ்வரிசி மூட்டை ஏற்றிய லாரி. அது அந்த வேகத்தில் வந்திருந்தால் எழும்பும் அலை எங்கள் கதவில் மோதியிருக்கும். ஓட்டுநர் அண்ணன் தூரத்திலேயே நிறுத்தி, விளக்கைத் தாழ்த்தி, நாங்கள் கடந்து போகும்வரை காத்திருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

மேட்டுக்கு வந்ததும் தம்பி சொல்லியிருந்தபடி கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே ஓட்டினேன். இந்த வண்டிகள் பெரும்பாலும் மோட்டாராலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்வதால் பிரேக் கட்டைகள் அதிகம் உரசுவதில்லை. நாம் மிதித்துக் காய வைக்காவிட்டால் ஈரம் அப்படியே தங்கிவிடும். அன்றிரவு சார்ஜ் போடவில்லை. மறுநாள் காலை தம்பி வந்து, சார்ஜ் போடும் வாயைத் துடைத்து, அடியில் ஓடும் ஆரஞ்சு நிற உயர் அழுத்தக் கம்பிகளைக் கையால் தொடாமல் டார்ச் அடித்துப் பார்த்து, சேதம் இல்லை என்று சொன்ன பிறகுதான் போட்டேன். தம்பி, நீங்கள் கூலி வாங்க மறுத்தது எனக்கு இன்றும் மனக்குறைதான்.

அண்ணன்களே, உங்களுக்காக முழங்கை வரை வரும் ரப்பர் கையுறைகள் நான்கு ஜோடி வாங்கி அக்காவின் கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன். கையுறை கொடுப்பது என் வேலையாக இருக்கக்கூடாது. ஆனாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பால் கொடுத்த வீட்டாருக்கு: உங்கள் தூக்குப்போசி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அடியில் இரண்டு எழுத்துகள் வெட்டியிருக்கின்றன, மூடியின் ஒரு பக்கம் சற்று நசுங்கியிருக்கிறது. பகலில் வந்து தேடினேன், எந்தக் கதவு என்று தெரியவில்லை. அடுத்த ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அக்காவின் கடையில் இருப்பேன். அந்த எழுத்துகளைச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் பாத்திரமாகத் தரக்கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள், உள்ளே அதிரசம் இருக்கும்.