அமிர்தி காட்டோரக் கன்றுகளைப் பிழைக்க வைத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை கணியம்பாடி தாண்டி அமிர்திக்குப் போய்விட்டு வந்த கையோடு இதை எழுதுகிறேன். வனத்துறை அனுமதியோடு காப்புக்காட்டு ஓரத்தில் நாம் நட்ட வேங்கை துளிர்த்துவிட்டது! சித்திரையில் வெறும் குச்சியாக நின்ற அதே கன்று. பட்டையை நகத்தால் கீறி, "உள்ளே பச்சை இருக்குது, பிடுங்காதீங்க" என்று தடுத்த ஜவ்வாது மலைப் பெரியவருக்குத்தான் என் முதல் நன்றி. வேங்கை, கடுக்காய், தான்றி விதைகளை மலையில் பொறுக்கி, மடியில் கட்டிக் கொண்டுவந்து தந்ததும் அவர் வீட்டுப் பெண்கள்தான்.

உண்ணிச்செடியை அகற்றிய கல்லூரிப் பிள்ளைகளே, உங்கள் கைக் கீறல்கள் ஆறிவிட்டனவா? பூ அழகாக இருக்கிறதென்று 200 வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த செடி அது. இன்றைக்கு நம் காட்டுச் செடி எதையும் தலைதூக்க விடுவதில்லை. மேலோடு வெட்டினால் ஒரே மழையில் மறுபடி தழைத்துவிடும். மண்ணுக்குள் 3 விரற்கடை இறக்கி வேரை வெட்டி, தூரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். ஒரு புதருக்கே இடுப்பு ஒடிந்துவிடும். நீங்கள் ஓடைக்கரை முழுவதும் செய்தீர்கள்.

நாற்றங்கால் அக்காக்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சந்தனம் தனியாகத் தேறாது. பக்கத்துச் செடியின் வேரைப் பற்றிக்கொண்டுதான் ஊட்டம் எடுக்கும். அதனால் ஒவ்வொரு பையிலும் சந்தனத்தோடு ஒரு துவரையையும் வளர்த்துக் கொடுத்தார்கள். நடும்போது களை என்று நினைத்துத் துவரையைக் கிள்ளப் போன மாணவியை நிறுத்தி, ஒரு பையைப் பிரித்து, இரண்டு வேரும் பின்னிக் கிடப்பதைக் காட்டினார் ஒரு அக்கா. அப்புறம் யாரும் துவரையைத் தொடவில்லை. ஜவ்வாது மலைச் சந்தனம் எத்தனை வண்டி கடத்திப் போனார்கள் என்று கேட்டு வளர்ந்த எனக்கு, அந்தச் சின்ன வேரைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

கோடையில் சருகுத் தீ பரவாமல் இருக்க, சருகும் புல்லும் இல்லாத வெறும் மண் கோடாகச் செதுக்கி, ராத்திரியெல்லாம் சுற்றி வந்த தீக்காவலர்களுக்கும் நன்றி.

கடைசியாக, டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்த விவசாயி அண்ணனுக்கு. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அவர் கிணற்றிலேயே தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. வாரம் ஒருநாள் தன் நிலத்துக்குப் பாய்ச்சாமல் கன்றுகளுக்கு ஊற்றினார். டீசலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. ஓடையோர நீர்மருது இன்று என் இடுப்பு உயரம் நிற்கிறது, அண்ணா. ஒருநாள் வந்து பாருங்கள்.

குருவிகள் போட்ட விதையில் உண்ணிச்செடி அங்கங்கே மறுபடி முளைத்திருக்கிறது. இப்போதைக்கு விரலால் பிடுங்கிவிடலாம். ஐப்பசி மழைக்கு முன் ஒரு ஞாயிறு போவோம். காலை 6 மணிக்கே கிளம்பிவிடலாம், சரியா?

நன்றியுடன்,
உங்களோடு மண்வெட்டி பிடித்தவள்