சிவப்பு வீட்டிலிருந்து சித்திக்கு

அன்புள்ள சித்தி,

போன வாரம் போனில் பேசும்போது ஒரு வீடு பார்த்துவிட்டு வந்தேன் என்றேன். "அரண்மனையா?" என்று கேட்டீர்கள். இல்லை, செங்கல் வீடு என்றதும் உங்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன். உங்களுக்கு எழுதுவதுதான், ஆனால் ஊசி பிடிக்கிற வேறு யாராவது படித்தாலும் நல்லதுதானே என்று எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன்.

லண்டனின் தென்கிழக்கு ஓரத்தில் பெக்ஸ்லிஹீத் என்று ஓர் ஊர். ரயிலை விட்டு இறங்கி, ஒரே மாதிரியான வீடுகள் வரிசையாக நிற்கிற தெருக்களில் கால் மணி நேரம் நடந்தால் ஓர் உயரமான மதில் வருகிறது. உள்ளே ரெட் ஹவுஸ். துணி, சுவர்க்காகிதம் என்று வீட்டு அலங்கார வடிவங்கள் வரைந்து பேர் வாங்கிய ஆங்கிலேயர் வில்லியம் மோரிஸ் தன் புது மனைவி ஜேனோடு குடியேறுவதற்காகக் கட்டிய வீடு. 1859-இல் தொடங்கி 1860-இல் குடிவந்துவிட்டார்கள். மோரிஸுக்கு அப்போது 26 வயது. வீட்டை வரைந்து கொடுத்த கட்டடக் கலைஞர் ஃபிலிப் வெப் அவருடைய நண்பர். தனியாகத் தொழில் தொடங்கிய வெப்புக்கு இதுதான் முதல் வீடு. அந்தக் காலத்தில் வசதியானவர்கள் செங்கல்லின் மேல் சுண்ணாம்புப் பூச்சு பூசி, கல் வீடு மாதிரி காட்டிக்கொள்வார்கள். இவர்கள் பூசவில்லை. செங்கல் செங்கல்லாகவே நிற்கிறது. மேலே செங்குத்தாகச் சரிகிற ஓட்டுக்கூரை. ஜன்னல்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை, சில வட்டமாகக்கூட இருக்கின்றன. வெளியிலிருந்து பார்க்க வரிசையாக இருக்க வேண்டும் என்பதற்காக வைக்காமல், உள்ளே இருக்கும் அறைக்கு எது வேண்டுமோ அதை வைத்திருக்கிறார்கள்.

பிற்பாடு 'ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்' என்று பெயர் வாங்கிய இயக்கம், அதாவது கைவேலைக்கு மறுபடி மரியாதை தேடிய இயக்கம், இந்த மாதிரி வீடுகளிலிருந்து முளைத்ததுதான். அந்தப் பெயர் 1880-களின் கடைசியில்தான் வந்தது.

வாசலில் லத்தீனில் ஒரு சங்கீத வசனம் எழுதியிருக்கிறது. நம் ஊர் வேதாகமத்தில் உன் போக்கையும் வரத்தையும் காப்பார் என்று வருமே, அதே வசனம். அதன் கீழே நுழையும்போது செருப்பைக் கழற்ற வேண்டும் போல இருந்தது.

தோட்டத்தில் முதலில் கண்ணில் படுவது கிணறு. மேலே கூம்பு மாதிரி ஓட்டுக்கூரை போட்ட கிணறு. வீட்டைச் சுற்றிப் பழத்தோப்பு இருந்த இடம் அது. இருந்த மரங்களை முடிந்தவரை வெட்டாமல், நடுவே வீட்டைக் கட்டியிருக்கிறார்கள். இலையுதிர்காலத்துப் புழுக்கமான இரவுகளில் ஆப்பிள்கள் ஜன்னல் வழியே அறைக்குள் விழுந்தன என்று சொல்லியிருக்கிறார்கள். நான் போனது செப்டம்பர் கடைசி. புல்லில் ஒரு பழம் விழுந்து கிடந்தது. குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிட்டேன்.

இன்ன சுவரில் இன்ன கொடி ஏற வேண்டும் என்றுகூட முன்பே யோசித்திருந்தார்கள், சித்தி. ரோஜா, வெள்ளை மல்லிகை, ஹனிசக்கிள். அந்த மல்லிகை நம்முடைய மல்லிகைக்கு ஒன்றுவிட்ட உறவு, ஐந்து இதழ். தோட்டத்தையே சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்து, தட்டி மேல் ரோஜாக்கொடியை ஏற்றிவிட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் 1862-இல் மோரிஸ் தன் முதல் சுவர்க்காகித வடிவத்தை வரைந்தார். சதுரக் கட்டங்களாகத் தட்டி, அதில் ரோஜா, நடுநடுவே பறவைகள். பறவை தனக்குச் சரியாக வரவில்லை என்று அவற்றை மட்டும் வெப்பிடம் கொடுத்து வரைய வைத்தார். இது எனக்கு ரொம்பப் பிடித்தது. தனக்கு வராததை வருகிறவர் கையில் கொடுத்துவிடுவது.

உள்ளே போனால் மாடிப்படியின் மேலே, நிமிர்ந்து பாருங்கள் என்றார்கள். கூரையில் வண்ண அலங்காரம். கண்ணை இடுக்கிப் பார்த்தால் பூச்சில் பொடிப்பொடியாக ஓட்டைகள் தெரிகின்றன. பூச்சு ஈரமாக இருக்கும்போதே வடிவத்தைக் குத்திக் குத்திப் பதித்திருக்கிறார்கள். வண்ணம் மங்கினால் பின்னால் வருகிறவர் அந்தப் புள்ளிகளைப் பார்த்துத் திரும்பத் தீட்டிக்கொள்ளலாம். உங்கள் மார்கழிக் கோலம்தான் ஞாபகம் வந்தது. புள்ளி இருந்தால் போதும், கோடு யார் வேண்டுமானாலும் இழுக்கலாம் என்பீர்களே.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது படுக்கையறையைப் பற்றி.

ஜேன் ஆக்ஸ்ஃபோர்டில் குதிரைலாயத்தில் வேலை பார்த்தவரின் மகள். பணம் இல்லாத வீடு. கல்யாணமான புதிதில் லண்டனில் ஏதோ ஒரு கடையில் அவர் கண்ணில் தற்செயலாக ஒரு துணி பட்டது. அவுரிச் சாயம் போட்ட நீல நிற செர்ஜ், கெட்டியான கம்பளித் துணி. வாங்கிக்கொண்டு வந்தார். கணவருக்கு அதைக் கண்டதும் ஒரே சந்தோஷம், உடனே உட்கார்ந்து பூக்களை வரைந்தார். இரண்டு பேருமாகப் பளிச்சென்ற நூல்களில், நுணுக்கம் பார்க்காமல் பெரிது பெரிதாகத் தைத்தார்கள். வேலை சீக்கிரம் முடிந்தது. அதைப் படுக்கையறைச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டு மகிழ்ந்தார்கள். இதையெல்லாம் ஜேனே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்லியிருக்கிறார், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. பழைய தையல் வேலைகளை எடுத்து, தையலைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துத்தான் இரண்டு பேரும் கற்றுக்கொண்டார்களாம். சொல்லித்தர ஆள் இல்லை. அந்தப் பழைய முறைகள் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட மறந்துபோயிருந்தன.

இதைப் படித்ததும் பினாங்கிலிருந்து தாத்தா கொண்டுவந்த மேஜை விரிப்பு நினைவுக்கு வந்தது. ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு அதன் ஒரு மூலையை நீங்கள் பிரித்தது, மறுநாள் ஆச்சி கத்தியது, நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் அதே பூவை அதே இடத்தில் திரும்பத் தைத்து நீட்டியது. எனக்கு அப்போது எட்டு வயது. நீங்கள் பிரித்த நூலை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தீர்கள். அன்றைக்கு அது எனக்குச் சேட்டையாகத்தான் தெரிந்தது. அந்த அறையில் நிற்கும்போது நீங்கள் அன்றைக்குப் பாடம் படித்துக்கொண்டிருந்தீர்கள் என்று புரிந்தது.

அந்த நீலத் துணி இப்போது அங்கே இல்லை. அவர்களுடைய இன்னொரு வீடான கெல்ம்ஸ்காட் மேனரில் இருக்கிறது. அதே அறையில் வேறொன்று பார்த்தேன். ஓர் அலமாரிக்குப் பின்னால் மறைந்துகிடந்த சுவரோவியம் 2013-இல் முழுதாக வெளியே வந்தது. ஆதாம், ஏவாள், நோவா, யாக்கோபு, ராகேல் என்று ஆள் உயர உருவங்கள். கீழே துணி மடிப்பு மாதிரி தீட்டியிருக்கிறார்கள், தொங்குகிற திரைச்சீலை என்று நினைக்கத் தோன்றும். அந்த வீட்டுக்கு வந்துபோன நண்பர்கள் ஆளுக்கு ஓர் உருவமாக வரைந்திருக்கலாம் என்கிறார்கள். வாரக்கடைசியில் வந்து, தின்று, சிரித்து, சுவரில் படம் போட்டுவிட்டுப் போகிற கூட்டம். அந்த நண்பர்களில் ஒருவரான ஓவியர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் வரவேற்பறைச் சுவரில் ஒரு கல்யாண விருந்தைத் தீட்டினார். அதில் ராஜா, ராணிக்கு மோரிஸ், ஜேன் முகங்கள்.

வீட்டுக்கு வேண்டியதைத் தாங்களே செய்து பழகினவர்கள், 1861-இல் அதையே தொழிலாக்கினார்கள். கம்பெனியில் பங்காளிகள் ஏழு பேர். ஏழு பேரும் ஆண்கள். ஜேனும் அவருடைய தங்கை பெஸ்ஸியும் அந்தக் கம்பெனிக்காகத் தைத்தார்கள். நண்பர்களின் மனைவிமார், அக்கா தங்கைமாரும் ஓடு தீட்டினார்கள், தைத்தார்கள். பெயர்ப்பலகையில் இவர்கள் யாரும் இல்லை. மோரிஸைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரும் ஊசி பிடித்தவர், கல்யாணத்துக்கு முன்பே துணியை இழுத்துக் கட்டும் சட்டம் செய்து வைத்துத் தைக்கப் பழகியவர். ஆனாலும் கூரை மேல் காற்றுத் திசைகாட்டியில் அவர் பெயரின் முதலெழுத்துகளும் 1859-ம் நிற்கின்றன. ஜேன் பெயரைக் கட்டடத்தில் பொறித்த இடம் எதுவும் என் கண்ணில் படவில்லை. அன்று முழுக்க இது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

அவர்கள் அங்கே வாழ்ந்தது ஐந்தே வருஷம். பெண்குழந்தைகள் ஜென்னியும் மேயும் அந்த வீட்டில்தான் பிறந்தார்கள். முக்கியமான அறைகள் வடக்குப் பார்த்தவை, குளிரில் விறைக்கும். மோரிஸ் வேலைக்காகத் தினமும் மூன்று மைல் தள்ளி இருந்த ஸ்டேஷனுக்குப் போய் லண்டனுக்கு ரயில் ஏறி இறங்கினார். வாதக்காய்ச்சல் வந்து படுத்தார். அப்பா விட்டுப்போன செம்புச் சுரங்கப் பங்கிலிருந்து வந்த வருமானமும் குறைந்தது. பர்ன்-ஜோன்ஸ் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு வீட்டைப் பெரிதாக்கும் திட்டம், அவர்களுடைய கைக்குழந்தை இறந்ததோடு நின்றுபோனது. 1865-இல் கிளம்பிவிட்டார்கள். மோரிஸ் பிறகு அந்தப் பக்கம் திரும்பியே வரவில்லை. அப்புறம் பல கை மாறி, 2003-இல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு வாங்கியது.

அங்கே பிறந்த மே, 23 வயதில் கம்பெனியின் தையல் பிரிவு முழுவதையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். 1907-இல் பெண் கைவினைஞர்களுக்கென்று தனியாக ஒரு சங்கமும் தொடங்கினார். ஆண்களுடைய சங்கத்தில் பெண்களைச் சேர்க்கவில்லை என்பதால்தான். சித்தி பெஸ்ஸியோ தையல் பள்ளியில் ஆசிரியை ஆகிவிட்டார். சித்திமார் எங்கேயும் அப்படித்தான் போல.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் இதில் உண்டு. கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசாமி, சிங்களக் கைவினைகளைப் பற்றித் தன் பெரிய நூலை 1908-இல் அச்சிட்டது, மோரிஸ் பயன்படுத்திய அச்சு இயந்திரத்தில்தான். அதில் உள்ள புகைப்படங்கள் பெரும்பாலும் அவருடைய மனைவி ஈத்தல் எடுத்தவை. அவரும் பின்னாளில் பெயர்பெற்ற நெசவாளர் ஆனார்.

சரி, ஒரு வேலை சொல்கிறேன், மறுக்கக் கூடாது. என் கல்யாணத்துக்கு நீங்கள் தைத்துக் கொடுத்த மயில் விரிப்பு இங்கே என் கட்டில் மேல்தான் கிடக்கிறது. நேற்று திருப்பிப் போட்டுப் பார்த்தேன். பின்பக்கம்கூட ஒரு முடிச்சு தெரியவில்லை. பொங்கலுக்கு வரும்போது அதை எடுத்து வருகிறேன். மூலையில் உங்கள் பெயரையும் தைத்த வருஷத்தையும் போட்டுக் கொடுங்கள். முழுப் பெயர் வேண்டும். நூல் நான் வாங்கி வருகிறேன், அவுரி நீலத்தில்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்